‘டென்ஷன் ஆகாதே’ என்று சொன்னால் மட்டும் போதுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து பெரியம்மா வீடியோ காலில் வந்திருந்தார். என் மகனுக்கு ஐந்தரை வயது. டொரோன்டோ பக்கத்தில் கிண்டர்கார்டன் போகிறான். வகுப்பில் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், சட்டென்று கோபம் வருகிறது, பக்கத்துப் பையன் கையில் இருப்பதைப் பிடுங்குகிறான் என்று டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார். பேச்சோடு பேச்சாக அதை நான் சொல்லித் தொலைத்தேன்.

பெரியம்மா யோசிக்கவே இல்லை. "வேற என்ன? அவன் வயித்துல இருக்கறப்ப இவ எந்நேரமும் டென்ஷனாவே இருந்தா. புள்ள அப்படித்தான் வரும்."

என் மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டாள். இரவு மகன் தூங்கின பிறகு மெதுவாகக் கேட்டாள். "பெரியம்மா சொன்னது நெஜமா? என்னாலதானா?"

"சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் எனக்கே தெரியாத ஒன்றை எப்படி அடித்துச் சொல்வது? நான் டாக்டர் இல்லை. எழுதின கோட் ஏன் உடைந்தது என்று லாக் பார்த்துத் தேடுகிற வேலைதான் என் வேலை. அதே புத்தியோடு சில வாரங்கள் இரவில் உட்கார்ந்து, ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். படித்ததில் பெரியம்மா பாதி சரி என்று தெரிந்தது. மீதிப் பாதிதான் முக்கியம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கர்ப்பிணியின் மனநிலை குழந்தையைத் தொடும் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. சுபத்திரையின் வயிற்றில் இருந்தபடியே சக்கர வியூகத்தைக் கேட்ட அபிமன்யு கதையைச் சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்கணும், அவள் எதிரே துக்கச் செய்தி சொல்லக்கூடாது, ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு தாய் வீட்டுக்கு அனுப்பணும். இதெல்லாம் நம் வழக்கம். ஆனால் வழக்கம் வேறு, நிரூபணம் வேறு. இதை நிரூபிப்பது லேசான காரியமும் இல்லை.

எங்கள் துறையில் ஒரு மாற்றம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஏ/பி டெஸ்ட் செய்வோம். பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. கர்ப்பிணிகளை அப்படிப் பிரித்து, "நீங்கள் ஆறு மாதம் கஷ்டப்படுங்கள், நீங்கள் சுகமாக இருங்கள்" என்று யாரும் சொல்ல முடியாது. கஷ்டத்தில் இருக்கும் பெண்களைத் தேடிப்பிடித்து அவர்கள் குழந்தைகளைப் பார்த்தாலும் குழப்பம்தான். குழந்தைக்கு வந்தது அம்மாவின் கஷ்டத்தாலா, வறுமையாலா, பரம்பரை சுபாவத்தாலா என்று பிரிக்க முடியாது.

அந்த டெஸ்டை 1998 ஜனவரியில் இயற்கையே நடத்தியது, அதுவும் இந்தக் கனடாவில்.

மாண்ட்ரியலில் அந்த வருடம் இருந்த தமிழர்களுக்கு நினைவிருக்கும். ஐந்தாறு நாள் விடாமல் உறைமழை. விழுந்த இடத்திலேயே மழை பனிக்கட்டியாக உறைந்து, அந்தப் பாரம் தாங்காமல் மின்சாரக் கோபுரங்கள் மடிந்து சாய்ந்தன. கியூபெக் மாகாணத்தில் சுமார் 30 லட்சம் பேர் வீட்டில் மின்சாரம் இல்லை. சிலருக்குச் சில மணி நேரத்தில் வந்துவிட்டது. மாண்ட்ரியலுக்குத் தெற்கே சில ஊர்களில் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நடு ஜனவரிக் குளிரில் ஹீட்டர் இல்லாமல்! ராணுவம் வந்து இறங்கியது. மக்கள் பள்ளிக்கூடங்களிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் தங்கினார்கள்.

மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் கிங் என்ற பேராசிரியை இதில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். யார் வீட்டில் இரண்டு நாள், யார் வீட்டில் முப்பது நாள் என்பதை அந்தப் பெண்களின் குணமோ பரம்பரையோ தீர்மானிக்கவில்லை. மின்கம்பி எங்கே அறுந்தது என்பதுதான் தீர்மானித்தது. அப்போது கர்ப்பமாக இருந்தவர்களுக்கும், அதன்பின் சில வாரங்களில் கர்ப்பமானவர்களுக்கும் அதே வருடம் ஜூனில் கேள்வித்தாள் அனுப்பினார். அவர்களுடைய குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார். ‘பனிப்புயல் திட்டம்’ என்று அந்த ஆய்வுக்குப் பெயர்.

இதில் என்னை உட்கார வைத்த விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் இரண்டைத் தனித்தனியாக அளந்தார்கள். ஒன்று, நடந்த கஷ்டம். எத்தனை நாள் மின்சாரம் இல்லை, எத்தனை முறை வீடு மாறினீர்கள், வருமானம் போனதா, வீடு சேதமா, யாருக்காவது காயமா. இன்னொன்று, அந்தப் பெண் மனதளவில் எவ்வளவு கலங்கிப்போனாள் என்பது. நாம் டென்ஷன் என்று ஒரே வார்த்தையில் போட்டுக் குழப்புவதை அவர்கள் பிரித்துவிட்டார்கள்.

இரண்டு வயதிலும், மறுபடி ஐந்தரை வயதிலும் குழந்தைகளைச் சோதித்தபோது, அம்மாவுக்கு நடந்த கஷ்டம் அதிகமாக இருந்த குழந்தைகள் மொழித் திறனிலும் அறிவுத்திறன் தேர்விலும் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். 13 வயதில் அந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் டிஎன்ஏ மீதுள்ள மெத்தில் குறிகளைப் பார்த்தார்கள். மரபணுக்களை மாற்றாமல், அவை எவ்வளவு வேலை செய்யணும் என்பதைக் கூட்டிக் குறைக்கும் ரசாயனக் குறிகள் அவை. அந்தக் குறிகளும் அம்மாவுக்கு நடந்த கஷ்டத்தோடுதான் ஒத்துப்போயின, அவள் எவ்வளவு கலங்கினாள் என்பதோடு அல்ல. எல்லாச் சோதனைகளிலும் இப்படியே இருந்தது என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் மனக்கலக்கத்துக்கும் பங்கு இருந்தது. ஆனால் ‘மனசைத் திடமா வச்சுக்கிட்டா எல்லாம் சரியாகிடும்’ என்கிற நம் வழக்கமான ஆறுதலுக்கு இந்த முடிவுகள் இடம் தரவில்லை.

சரி, இது புயல் காலத்துக் கதை. அன்றாடக் கவலை?

அதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. 1991, 1992 ஆண்டுகளில் பிரசவ நாள் குறிக்கப்பட்ட சுமார் 14,000 கர்ப்பிணிகளைச் சேர்த்து, பிறந்த குழந்தைகளை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். ‘தொண்ணூறுகளின் குழந்தைகள்’ என்று அதற்குப் பெயர். 2002-ல் தாமஸ் ஓ'கானரும் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் விவெட் குளோவரும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட முடிவு இது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் பதற்றம் மிக அதிகமாக இருந்த 15 சதவீதத் தாய்மார்களின் குழந்தைகளுக்கு நான்கு வயதில் துறுதுறுப்பு, கவனச் சிதறல் போன்ற நடத்தைப் பிரச்சினையோ மனவெழுச்சிப் பிரச்சினையோ இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரசவத்துக்குப் பிறகு அம்மாவின் மனநிலை எப்படி இருந்தது என்பதைக் கணக்கில் கழித்த பின்னும் இது நின்றது.

எப்படி இது குழந்தைக்குப் போகிறது? ஒரு வழி ஓரளவு தெரிந்திருக்கிறது. கஷ்டத்தில் உடல் சுரக்கும் ஹார்மோன் கார்டிசால். அது அப்படியே குழந்தைக்குப் போய்விடாமல் நஞ்சுக்கொடி காவல் காக்கிறது. அதிலுள்ள ஒரு என்சைம் கார்டிசாலில் பெரும்பகுதியை வேலை செய்யாத வேறு பொருளாக மாற்றிவிடும். எங்கள் பாஷையில் சொன்னால் ஃபயர்வால். பதற்றம் அதிகமான தாய்மார்களின் நஞ்சுக்கொடியில் அந்த என்சைம் குறைவாக இருந்தது என்று 2012-ல் குளோவர் குழுவினர் வெளியிட்டார்கள். இது முழுப்படம் அல்ல, ஒரு துண்டுதான்.

ஆக, பெரியம்மா சொன்னது கட்டுக்கதை இல்லை. இந்த இடத்தில் படிப்பதை நிறுத்தியிருந்தால் என் மனைவிக்கு நான் செய்தது துரோகம்.

இரண்டு மடங்கு என்று கேட்டதும் நெஞ்சு படபடக்கும். மூலத்தைப் பார்க்கணும். நூற்றில் ஐந்து என்பது நூற்றில் பத்து ஆனாலும் இரண்டு மடங்குதான். மீதித் தொண்ணூறு குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை. மிகக் கஷ்டப்பட்ட தாய்மார்களின் குழந்தைகளிலும் பெரும்பாலோர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். கூட்டத்தின் சராசரியை வைத்து என் மகனைப் பார்த்து "உனக்கு இதனால்தான்" என்று யாராலும் சொல்ல முடியாது. பெரியம்மாவாலும் முடியாது, விவெட் குளோவராலும் முடியாது.

அடுத்தது பரம்பரை. கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ் ரைஸ், அனிதா தாப்பர் குழு செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்து 2010-ல் எழுதினார்கள். தானமாகப் பெற்ற கருமுட்டையிலிருந்து வந்த குழந்தைக்கும் சுமந்த தாய்க்கும் மரபணு உறவு இல்லை. ஆனால் வயிறு அவளுடையதுதான். எவ்வளவு புத்திசாலித்தனமான யோசனை பாருங்கள். முரட்டு நடத்தையும் குறைந்த பிறப்பு எடையும் உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாயின் கர்ப்பகாலக் கஷ்டத்தோடு சேர்ந்தே வந்தன. அவற்றில் வயிற்றுக்குள் இருந்த சூழலுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துடிப்பு மட்டும் மரபணு உறவு உள்ள ஜோடிகளில்தான் சேர்ந்து வந்தது. அது பரம்பரைச் சொத்து. ஒன்றாம் வகுப்பில் என்னை பெஞ்ச் மேல் ஏற்றி நிற்க வைத்த கதைகளைப் பெரியம்மாவிடமே கேட்டால் தெரியும். அதற்காக யாரும் என்னைக் குற்றம் சொன்னதில்லை.

மூன்றாவது, எல்லா டென்ஷனும் விஷம் அல்ல. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜேனட் டிபியட்ரோ 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான, ஓரளவு வசதியான கர்ப்பிணிகளில் மிதமான பதற்றம் இருந்தவர்களின் குழந்தைகள் இரண்டு வயதில் கொஞ்சம் முன்னேறியே இருந்தார்கள். எனவே ஆபீஸ் டெட்லைனுக்கு ஒருநாள் பதறினோமே என்று எந்தப் பெண்ணும் தூக்கம் கெட வேண்டாம்.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. லண்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட தாய்மார்களின் பனிக்குட நீரில் கார்டிசாலை அளந்து, குழந்தைகளை ஒன்றரை வயது வாக்கில் சோதித்தார்கள். கார்டிசால் அதிகமாக இருந்த இடத்தில் குழந்தையின் வளர்ச்சி பின்தங்கியது உண்மை. ஆனால் அம்மாவோடு பாதுகாப்பான ஒட்டுதல் இருந்த குழந்தைகளிடம் அந்தத் தொடர்பே தெரியவில்லை. வயிற்றில் எழுதியது கல்லில் எழுதியது அல்ல. பிறந்த பிறகு தூக்கிக் கொஞ்சி, அழும்போது ஓடிப்போய் எடுத்து வளர்ப்பதற்கு அவ்வளவு சக்தி இருக்கிறது.

இதையெல்லாம் படித்து முடித்துவிட்டு, பனிப்புயல் திட்டத்தின் கேள்விகளை எங்கள் கர்ப்பக் காலத்துக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் எவ்வளவு கலங்கினாள் என்பதை விட்டுவிடுவோம். என்ன நடந்தது?

ஐந்தாம் மாதத்தில் வாடகை கம்மி என்று பேஸ்மென்ட் வீட்டுக்கு மாறினோம். முடிவு என்னுடையது. அவளுடைய கான்ட்ராக்ட் வேலை முடிந்தது. புது வேலைக்கு, மைனஸ் இருபதில் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாள். அவளுக்கு டிரைவிங் டெஸ்ட் புக் செய்வதை நான் மூன்று முறை தள்ளிப்போட்டேன். என் வேலையில் ஆன்-கால். ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடித்தால் நான் மட்டுமா எழுந்தேன்? தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் பணம் அனுப்ப கிரெடிட் கார்டில் எடுத்தேன். அவளிடம் கேட்கவில்லை, சொன்னேன். அத்தை விசா தாமதமாகி, ஒன்பதாம் மாதம் வரை வீட்டில் பெரிய மனுஷி என்று யாரும் இல்லை. அப்போதெல்லாம் ஊரிலிருந்து எல்லாரும் அவளுக்குச் சொன்ன அறிவுரை ஒன்றுதான். "டென்ஷன் ஆகாதேம்மா, குழந்தைக்கு ஆகாது." நானும் அதையேதான் சொன்னேன். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, கையில் லேப்டாப்போடு.

நாங்கள் தூக்கி வைத்த சுமையை அவள் சுமந்தாள். பிறகு, சுமந்ததற்காக அவளையே குற்றவாளி ஆக்கினோம்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஊரில் இருந்தால் ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணம் ரசம் கொண்டுவந்து கொடுப்பார். இங்கே அந்த ரசத்தையும் நிறைமாத வயிற்றோடு அவளேதான் வைக்கணும். விசா, பிஆர், வேலை, வாடகை எல்லாம் ஒரே ஒன்பது மாதத்தில் வந்து நிற்கும். தாய் வீட்டுக்கு அனுப்பி ஓய்வு கொடுக்க வந்த வளைகாப்பும் இங்கே என்ன ஆகிவிட்டது? ஹால் புக்கிங், 200 பேர், மேடை அலங்காரம், மூன்று மணி நேரம் பட்டுப்புடவையில் போட்டோவுக்கு நிற்பது. விருந்தாளிகள் போன பிறகு வீடு கூட்டுவது யார்?

இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்களுக்கு இன்னொரு சிக்கல். கனடியத் தோழிகள் தெரபிஸ்ட் பற்றி சாதாரணமாகப் பேசுவார்கள். வீட்டில் அந்த வார்த்தையை எடுத்தாலே, "நாங்கல்லாம் அஞ்சு பெத்தோம், எங்களுக்கு என்ன வந்துச்சு?" என்பார்கள். ஐந்து பெற்ற அந்தப் பாட்டிகளுக்கு என்ன வந்தது என்று யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கணவன்மார்களுக்கு முதலில். அறிவுரையை நிறுத்திவிட்டு ஒரு காகிதத்தில் பட்டியல் போடுங்கள். வீடு மாறுவது, கடன், பயணம், சமையல், ராத்திரி வேலை. இதில் எதைத் தள்ளிப்போடலாம், எதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்? ஆன்-கால் பட்டியலில் இருந்து சில மாதம் பெயரை எடுக்கச் சொல்லி மேனேஜரிடம் கேளுங்கள். நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்று இப்போது தோன்றுகிறது. கனடாவில் பெற்றோர் விடுப்பு தம்பதியர் பகிர்ந்துகொள்ளக் கூடியது. 2019 மார்ச் முதல், வழக்கமான திட்டத்தில் இருவரும் பகிர்ந்தால் கூடுதலாக 5 வாரம் உண்டு. பகிராவிட்டால் அது கிடைக்காது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த மாதம் ரிலீஸ் இருந்தது. அந்த ரிலீஸில் என்ன போனது என்று கேட்டால் இன்று எனக்கு ஒரு வரி ஞாபகம் இல்லை.

இரண்டாவது, தெரிந்த முகம். 2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பெருவெள்ளம் வந்தபோது சூசன் கிங்கும் அங்குள்ள ஆய்வாளர்களும் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தார்கள். கர்ப்பம் முழுக்க தனக்கென்று ஒரே மருத்துவச்சியைக் கொண்டிருந்த பெண்களுக்கு, வெள்ளத்தின் கஷ்டம் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக மாறுவது குறைந்தது. ஒன்டாரியோவில் மிட்வைஃப் சேவைக்கு நாம் பணம் கட்ட வேண்டியதில்லை. இங்கே வசிப்பவர்களுக்கு ஓஹிப் கார்டு இன்னும் வரவில்லை என்றாலும் கிடைக்கும். நம்மவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. எங்களுக்கும் தெரியாது.

மூன்றாவது, கேட்பது. எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு. பத்தே கேள்விகள். ஸ்காட்லாந்தில் உருவாகி 1987-ல் வெளியானது. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துகிறார்கள். தமிழிலும் இருக்கிறது. ஃபேமிலி டாக்டரிடமோ மிட்வைஃபிடமோ கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். நமக்குச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் டெஸ்ட் எடுக்க வெட்கம் இல்லை, இதற்கு மட்டும் எதற்கு?

நான்காவது, நம் சங்கங்களும் கோயில்களும். பொங்கல் விழாவுக்கு நூறு பேருக்குச் சமைக்கிற கைகள் நம்மிடம் உண்டு. ஊரில் இருந்து யாரும் வர முடியாத ஒரு கர்ப்பிணி வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் சாப்பாடு கொடுத்துவிட்டு வருவது அந்தக் கைகளுக்குப் பெரிய வேலையா?

அன்றிரவு மனைவி கேட்ட கேள்விக்கு, சில வாரம் கழித்துத்தான் பதில் சொன்னேன். "உன்னால இல்ல. கொஞ்சம் என் பரம்பரை இருக்கலாம். கொஞ்சம் அந்த குளிர்காலம் இருக்கலாம். யாருக்கும் உறுதியாத் தெரியாது. ஆனா அந்த குளிர்காலத்துல நான் செஞ்சிருக்க வேண்டியது நிறைய இருந்துச்சு."

அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இதைப் பெரியம்மாகிட்டயும் சொல்லு" என்றாள்.

அடுத்த ஞாயிறு சொன்னேன். பெரியம்மா முகம் திரையில் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு மெல்லச் சொன்னார். "உங்க பெரியண்ணன் வயித்துல இருக்கறப்ப, தண்ணி எடுக்க ரெண்டு மைல் நடப்பேன்டா. உங்க பெரியப்பா ஒருநாள் குடத்தை வாங்கினதில்ல."

மகன் டீச்சரை அடுத்த வாரம் பார்க்கப் போகிறோம். இந்த முறை நானும் லீவு போட்டிருக்கிறேன்.